யாருக்குத் தெரியாத வழி?

குட்டி நண்பர்களே, எட்டாம் வகுப்பு சமூக அறிவியல் புத்தகத்தில் வரலாற்றின் முதல் பாடம் எது என்று உங்கள் அண்ணன், அக்காவைக் கேட்டுப் பாருங்கள். 'ஐரோப்பியர்களின் வருகை' என்பார்கள். கூடவே, "அய்யோ, அதுல ஒரே வருஷமா வருமே!" என்றும் அலுத்துக்கொள்வார்கள். 1488, 1492, 1498... பார்த்தலோமியோ டயஸ், கொலம்பஸ், வாஸ்கோடகாமா... எல்லாவற்றையும் மனப்பாடம் செய்து, பரீட்சையில் 'பொருத்துக' பகுதியில் எழுதிவிட்டு, மறுநாளே மறந்துவிடுவதுதானே நம் வழக்கம்!

இந்த வாரம் அந்தப் பாடத்தைக் கடற்கரைக்குத் தூக்கிக்கொண்டு போகலாம், வாருங்கள். எந்தக் கடற்கரை? கிழக்குக் கடற்கரைச் சாலையில், மரக்காணத்துக்கும் புதுச்சேரிக்கும் நடுவே இருக்கிறது கீழ்புத்துப்பட்டு. அய்யனார் கோயிலால் பெயர் பெற்ற ஊர். வடக்கே போனால் மரக்காணத்து உப்பளங்கள். தெற்கே போனால் புதுச்சேரி. கிழக்கே பார்த்தால் வங்காள விரிகுடா. இந்த ஊரிலிருந்து பஸ் ஏறினால் போதும், அந்தப் பாடத்தில் பாதியை ஜன்னல் வழியாகவே பார்த்துவிடலாம்.

அதற்கு முன்னால் ஒரு கேள்வி. 'வாஸ்கோடகாமா இந்தியாவுக்குக் கடல் வழி கண்டுபிடித்தார்' என்று படிக்கிறோம் அல்லவா? கண்டுபிடித்தார் என்றால், அதுவரை அது யாருக்குத் தெரியாத வழி?

மரக்காணத்தைத் தெரிந்து வைத்திருந்த மாலுமி

ஏறக்குறைய 2,000 ஆண்டுகளுக்கு முன், கிரேக்க மொழியில் ஒருவர் ஒரு கையேடு எழுதினார். 'எரித்ரேயக் கடல் பயணக் குறிப்பு' என்று அதற்குப் பெயர். எந்தத் துறைமுகத்தில் என்ன கிடைக்கும், எந்த மாதத்தில் கப்பலை எடுக்க வேண்டும் என்று வியாபாரிகளுக்குச் சொல்லும் புத்தகம். அதில் நம் கிழக்குக் கரையின் மூன்று துறைமுகங்கள் வருகின்றன: கமரா, பொதுகே, சோபத்மா. கமரா என்பது காவிரிப்பூம்பட்டினம், பொதுகே என்பது புதுச்சேரிக்குப் பக்கத்து அரிக்கமேடு, சோபத்மா என்பது மரக்காணம் என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். 1945-ல் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டைத் தோண்டியபோது, ரோமாபுரியிலிருந்து வந்த மது ஜாடிகளின் உடைந்த துண்டுகள் கிடைத்தன.

வாஸ்கோடகாமா பிறப்பதற்குக் கிட்டத்தட்ட 1,400 ஆண்டுகளுக்கு முன்பே நடந்தது இது! வந்தவர்கள் மட்டுமா? நம்மவர்களும் போனார்கள். சுமத்ரா தீவில் பாருஸ் என்ற இடத்தில் 1088-ம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. சீனாவின் குவான்சோ துறைமுக நகரத்தில் 1281-ம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது. ஆக, இந்தக் கடல் பூட்டிக் கிடந்த வீடு இல்லை. அரபிகள், குஜராத்திகள், தமிழர்கள், மலாய்க்காரர்கள், சீனர்கள் என்று எல்லோரும் வந்துபோன சந்தை வீதி.

புளியங்கொட்டை விளையாட்டு

பிறகு ஏன் ஐரோப்பியர்கள் உயிரைப் பணயம் வைத்து வேறு வழி தேடினார்கள்? இதைப் புரிந்துகொள்ள ஒரு விளையாட்டு. ஆறு பேர் வரிசையாக நில்லுங்கள். முதல் ஆள் மலபாரில் மிளகு விளைவிக்கும் விவசாயி. இரண்டாவது ஆள் கோழிக்கோட்டு வியாபாரி. மூன்றாவது அரபுக் கப்பல்காரர். நான்காவது எகிப்து நாட்டுச் சுங்க அதிகாரி. ஐந்தாவது இத்தாலியின் வெனிஸ் நகர வியாபாரி. ஆறாவது ஆள் போர்ச்சுக்கல் நாட்டின் லிஸ்பன் நகரில் குழம்பு வைக்கக் காத்திருக்கும் பாட்டி.

விவசாயி ஒரு மிளகை இரண்டு புளியங்கொட்டைக்கு விற்கிறார். வாங்கியவர் இரண்டு கொட்டை கூடுதலாக வைத்து அடுத்தவருக்கு விற்க வேண்டும். இப்படியே கை மாறி மாறி மிளகு பாட்டியிடம் வரும்போது விலை என்ன? பத்து கொட்டை! (நிஜத்தில் ஒவ்வொரு கையும் இதைவிடப் பேராசைக்காரக் கை.) பாட்டிக்குக் கோபம் வருமா, வராதா? இப்போது பாட்டியின் பேரன் நடுவில் நிற்கும் நாலு பேரையும் சுற்றிக்கொண்டு ஓடிப்போய், விவசாயியிடமே நேராக வாங்க முயல்கிறான் என்று வையுங்கள். அந்தப் பேரன்தான் வாஸ்கோடகாமா. அவன் சுற்றிக்கொண்டு ஓடுகிற வட்டம்தான் ஆப்பிரிக்கா.

இதே மிளகு ஆசையில்தான் 1492-ல் ஸ்பெயின் நாட்டு ராணியின் உதவியுடன் கொலம்பஸ் மேற்கே போனார். பூமி உருண்டைதானே, மேற்கே போனாலும் கிழக்கே வந்துவிடலாம் என்பது அவர் கணக்கு. கணக்கு சரி; நடுவில் அமெரிக்கா இருந்தது அவருக்குத் தெரியாது. தான் கண்டது ஆசியாவின் ஓரம் என்றே நம்பியபடி 1506-ல் இறந்துபோனார்.

போர்ச்சுக்கீசியர்கள் தெற்கே பார்த்தார்கள். 1488-ல் பார்த்தலோமியோ டயஸ் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றினார். 1497 ஜூலையில் நான்கு கப்பல்களோடும் ஏறக்குறைய 170 ஆட்களோடும் வாஸ்கோடகாமா கிளம்பினார். வழியில் மூன்று மாதம் கரையே கண்ணில் படாமல் அட்லாண்டிக் கடலில் போனார்கள். அந்தப் பாதி உண்மையிலேயே அதற்கு முன் யாரும் போகாத வழி. அந்தத் துணிச்சலுக்குரிய பாராட்டைத் தாராளமாகக் கொடுத்துவிடலாம்.

ஆனால், அடுத்த பாதி?

வழிகாட்டியும் காற்றும்

ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையில் மாலிந்தி என்ற துறைமுகம். இப்போதைய கென்யாவில் இருக்கிறது. 1498 ஏப்ரலில் அங்கே வந்த வாஸ்கோடகாமா, "இந்தியாவுக்கு வழி தெரிந்த ஆள் வேண்டும்" என்று மாலிந்தி அரசரிடம் கேட்டார். அரசர் ஒரு மாலுமியைக் கொடுத்தார். அவர் அரபி என்று சிலரும், குஜராத்தி என்று சிலரும் சொல்கிறார்கள். அந்த மாலுமி கப்பலைத் திருப்பிவிட்டார் பாருங்கள், 23 நாளில் அரபிக் கடலைத் தாண்டி மலபார் கரை! மே 20 அன்று கோழிக்கோட்டுக்குப் பக்கத்தில் நங்கூரம் போட்டார்கள்.

இது எப்படி முடிந்தது? காற்று! கோடைக்குப் பின் தென்மேற்கிலிருந்து காற்று வீசும். ஆப்பிரிக்கா, அரேபியா பக்கமிருந்து வரும் கப்பலுக்கு அது முதுகைப் பிடித்துத் தள்ளுகிற கை. பின்பு ஐப்பசி, கார்த்திகை வந்தால் காற்று திரும்பிவிடும், வாடை அடிக்கும். வந்த கப்பல்கள் அந்தக் காற்றில் ஊர் திரும்பும். மரக்காணத்து உப்பளத்தில் வேலை செய்பவர்களைக் கேளுங்கள். வடகிழக்குப் பருவமழை இறங்கினால் பாத்தியெல்லாம் தண்ணீர், உப்பு எடுப்பு நின்றுபோகும் என்பார்கள். மீன்பிடிக்கப் போகிறவர்களைக் கேட்டால் எந்த மாதம் எந்தக் காற்று என்று பஞ்சாங்கம் மாதிரி ஒப்பிப்பார்கள். அந்த அறிவுதான் மாலிந்தி மாலுமியிடமும் இருந்தது.

திரும்பிப் போகும்போது வாஸ்கோடகாமாவுக்கு அந்தப் பொறுமை இல்லை. வாடை பிடிப்பதற்கு முன்பே, அக்டோபர் தொடக்கத்தில், இந்தியக் கரையை விட்டுக் கிளம்பினார். வரும்போது 23 நாளில் தாண்டிய அதே கடல், திரும்பும்போது ஏறக்குறைய மூன்று மாதம் இழுத்தது. கப்பலில் இருந்தது உப்புப் போட்ட இறைச்சியும் காய்ந்த ரொட்டியும்தான். பழம், காய்கறி இல்லை. வைட்டமின் 'சி' குறைந்து ஈறு வீங்கி, பல் ஆடி, 'ஸ்கர்வி' நோயில் ஆட்கள் கொத்துக்கொத்தாக இறந்தார்கள். ஆள் போதாமல் ஒரு கப்பலைத் தாங்களே கொளுத்திவிட்டுப் போக வேண்டியதாயிற்று. கிளம்பிய 170 பேரில் ஊர் திரும்பியவர்கள் மூன்றில் ஒரு பங்குதான். ஒரு மூட்டை நெல்லிக்காய் கையில் இருந்திருந்தால்!

அரசவையில் ஒரு சிரிப்பு

சரி, கோழிக்கோட்டுக்கு வந்ததும் என்ன நடந்தது? முதலில் ஓர் ஆளை மட்டும் கரைக்கு அனுப்பினார்கள். அங்கே அவரை வரவேற்றவர்கள் யார் தெரியுமா? ஆப்பிரிக்காவின் வடகரையில் இருக்கும் துனிஸ் நகரத்து வியாபாரிகள் இருவர்! அவர்களுக்கு ஸ்பெயின் நாட்டு மொழி நன்றாகத் தெரியும். "நீங்கள் எங்கே இங்கே வந்து தொலைந்தீர்கள்?" என்கிற தோரணையில் அவர்கள் கேட்டதாகக் கப்பலில் வந்த ஒருவரே எழுதி வைத்திருக்கிறார். 'யாரும் அறியாத நாட்டை' அடைந்த அன்றே பக்கத்து ஊர்க்காரர்களைச் சந்தித்தால் எப்படி இருக்கும்!

அடுத்தது, கோழிக்கோட்டு அரசர் சாமூதிரிக்குப் பரிசுப் பொருள்கள். கோடு போட்ட துணி 12 துண்டு, தொப்பி 6, சிவப்புத் தலைமூடி 4, பவழச் சரம் 4, கை கழுவும் பாத்திரம் 6, ஒரு பெட்டி சர்க்கரை, இரண்டு பீப்பாய் எண்ணெய், இரண்டு பீப்பாய் தேன். இதைப் பார்த்த அரசரின் அதிகாரிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "மெக்காவிலிருந்து வரும் ஏழை வியாபாரிகூட இதைவிட நல்ல பொருள் கொண்டுவருவாரே!" என்றார்கள். உலகத்துச் சரக்கெல்லாம் வந்து குவிகிற ஊருக்குத் தொப்பியும் சர்க்கரையும் எடுத்துக்கொண்டு போனால் வேறென்ன ஆகும்?

இந்த இடத்தில் நாமும் சிரிக்கலாம். ஆனால், கதை இங்கே முடியவில்லை. விற்பதற்கு நல்ல சரக்கு இல்லாத போர்ச்சுக்கீசியர்களிடம் வேறொன்று இருந்தது: கப்பலில் பொருத்திய பீரங்கி. 1502-ல் வாஸ்கோடகாமா இரண்டாம் முறை வந்தபோது, மெக்காவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த யாத்ரீகர் கப்பல் ஒன்றைப் பிடித்து, பெண்கள், குழந்தைகள் உட்பட நூற்றுக்கணக்கானவர்களோடு கொளுத்தினார். பாடப்புத்தகத்துப் படத்தில் தாடியும் தொப்பியுமாகக் கம்பீரமாக நிற்கிறாரே, அதே மனிதர்தான்.

பிறகு போர்ச்சுக்கீசியர்கள் ஒரு சட்டம் போட்டார்கள். இந்தக் கடலில் யார் கப்பல் விட்டாலும் தங்களிடம் பணம் கட்டி அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். சீட்டு இல்லாத கப்பலைப் பிடித்துக்கொள்வோம் என்றார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுங்கச்சாவடி பார்த்திருப்பீர்களே, அதைக் கடலில் வைத்த மாதிரி! ஒரு வித்தியாசம்: சாலையை யாரோ செலவு செய்து போடுகிறார்கள். கடலை யார் போட்டது? அந்தச் சீட்டுக்கு அவர்கள் மொழியில் 'கர்தாஸ்' என்று பெயர். உங்கள் தாத்தா "கடுதாசி வந்துச்சா?" என்று கேட்பாரே, அந்தக் கடுதாசி இந்தக் கர்தாஸிலிருந்து வந்த சொல் என்கிறார்கள் சொல்லாராய்ச்சி செய்பவர்கள்.

நம் கரைக்கு ஏன் வந்தார்கள்?

மிளகு மேற்குக் கரையில் விளைகிறது. கிழக்குக் கரையில் என்ன வேலை? துணி! இந்தோனேசியத் தீவுகளில் கிராம்பும் ஜாதிக்காயும் வைத்திருந்தவர்கள், அதற்கு ஈடாகக் கேட்டது சோழமண்டலக் கரையின் பருத்தித் துணியை. சாயம் போகாத சிவப்பு, நீலத் துணிகள். துணி இல்லாமல் கிராம்பு இல்லை. அதனால்தான் போர்ச்சுக்கீசியர் மயிலாப்பூருக்கும், டச்சுக்காரர்கள் 1610-ல் பழவேற்காட்டுக்கும், டேனிஷ்காரர்கள் 1620-ல் தரங்கம்பாடிக்கும், ஆங்கிலேயர் 1639-ல் சென்னைக்கும், பிரெஞ்சுக்காரர்கள் 1674-ல் புதுச்சேரிக்கும் என்று இந்தக் கரையில் வரிசை கட்டினார்கள்.

'சோழமண்டலம்' அவர்கள் வாயில் நுழையாமல் 'கோரமண்டல்' ஆனது. நம் கட்டுமரம் ஆங்கிலத்தில் 'கேடமரான்' ஆனது. இந்தக் கரையில் பெரிய கப்பல் நிற்க வசதியான இயற்கைத் துறைமுகமே இல்லை. கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். அலையைத் தாண்டி ஆளையும் மூட்டையையும் கரை சேர்த்தது, ஆணியே இல்லாமல் தென்னங்கயிற்றால் தைத்த மசூலாப் படகும், அதைச் செலுத்திய நம் மீனவர்களும்தான். பீரங்கி வைத்த கப்பலாக இருந்தாலும் கடைசி அரை மைலுக்கு அவர்கள் தயவு வேண்டும்!

இப்போது கீழ்புத்துப்பட்டில் பஸ் ஏறுவோம். முதலில் வடக்கே. மரக்காணம் போகும் வழியில் கூனிமேடு வரும். பஸ் சட்டென்று தாண்டிவிடும் ஊர். 1680-களில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே ஒரு பண்டகசாலை வைத்திருந்தது! அவர்கள் எழுதிய பழைய கடிதங்களில் ஊரின் பெயர் 'கோனிமீர்'. 1690-ல் அவர்கள் மராத்தியரிடமிருந்து கடலூருக்குப் பக்கத்தில் ஒரு கோட்டையை விலைக்கு வாங்கினார்கள். கோட்டையோடு எவ்வளவு நிலம்? கோட்டையிலிருந்து பீரங்கியைச் சுட்டு, குண்டு விழுகிற தூரம் வரை நிலம் கம்பெனிக்கு என்று ஒப்பந்தம். இருக்கிற பீரங்கியிலேயே பெரிதாகப் பார்த்து எடுத்திருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை! அப்படிச் சேர்ந்த ஊர்களைக் 'குண்டு கிராமங்கள்' என்றார்கள். கடலூர் பக்கம் குண்டு உப்பலவாடி என்று இன்றும் ஓர் ஊர் இருக்கிறது. கடலூர் கோட்டை வந்தபின் கூனிமேட்டின் மவுசு குறைந்தது. 1698-க்குள் அங்கே கடையைக் கட்டிவிட்டார்கள்.

மரக்காணத்தையும் தாண்டிப் போனால் கடப்பாக்கத்துக்குப் பக்கத்தில் ஆலம்பரைக் கோட்டை. செங்கல்லும் சுண்ணாம்புமாக இடிந்து கிடக்கிறது. துணியும் நெய்யும் உப்பும் இங்கிருந்து கப்பல் ஏறின. முகலாயர் காலத்துக் கோட்டை இது. 1750-ல் பிரெஞ்சு கவர்னர் டூப்ளேவுக்குக் கிடைத்தது. பத்தே வருடத்தில், 1760-ல், ஆங்கிலேயர் பிடித்து இடித்தார்கள். இங்கே போகிறவர்கள் சுவர்மேல் ஏறாமல் பாருங்கள். 2004 சுனாமி வேறு அதை உலுக்கியிருக்கிறது.

துணி வாங்க வந்தவர்கள் கடைசியில் எதில் கை வைத்தார்கள் தெரியுமா? நம் உப்பில். 1805-ல் சென்னை மாகாணத்தின் உப்பு முழுவதையும் ஆங்கிலக் கம்பெனி தன் பிடிக்குள் கொண்டுவந்தது. பாத்தி கட்டி, வெயிலில் கால் வெந்து உப்பு வாரியவர்கள், கம்பெனி வைத்த விலைக்குக் கம்பெனிக்கே கொடுக்க வேண்டும். அதே உப்பை ஊர் மக்கள் கூடுதல் விலைக்கு வாங்க வேண்டும். 1930-ல் ராஜாஜி வேதாரண்யத்துக்கு ஏன் நடந்தே போனார் என்று பத்தாம் வகுப்பில் படிக்கும்போது இது ஞாபகம் வரட்டும்.

ஒரே பஸ், மூன்று எல்லை

இனி தெற்கே போகும் பஸ். கீழ்புத்துப்பட்டு தமிழ்நாடு. கொஞ்ச நேரத்தில் காலாப்பட்டு. அது புதுச்சேரி யூனியன் பிரதேசம். அதைத் தாண்டினால் பொம்மையார்பாளையம், கோட்டக்குப்பம், மறுபடி தமிழ்நாடு. அடுத்து மீண்டும் புதுச்சேரி! கடைப் பலகையைப் பார்த்துக்கொண்டே போனால் கண்டுபிடித்துவிடலாம். ஏன் இந்தக் குழப்பம்? பிரெஞ்சுக்காரர்கள் பல காலகட்டங்களில், பல ஆட்சியாளர்களிடமிருந்து கிராமங்களைத் துண்டு துண்டாகப் பெற்றார்கள். நடுவில் இருந்தவை ஆங்கிலேயர் கையில் இருந்தன. 1954 நவம்பர் 1 அன்று பிரெஞ்சு ஆட்சி முடிந்தது. கோடுகள் மட்டும் அப்படியே நின்றுவிட்டன.

புதுச்சேரியில் இறங்கினால் ஆனந்தரங்கப் பிள்ளையைப் பற்றிக் கேளுங்கள். டூப்ளேவிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்த்துப் பேசும் தலைமை அதிகாரியாக இருந்தவர். 1736-லிருந்து 1761-ல் இறக்கும் வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். எந்தக் கப்பல் வந்தது, யார் யாரிடம் என்ன பேசினார்கள், யாருக்கு யார்மேல் கோபம் என்று எல்லாம் அதில் இருக்கிறது. வந்தவர்கள் நம்மைப் பார்த்து எழுதியது எவ்வளவோ உண்டு. நம்மில் ஒருவர் அவர்களைப் பக்கத்திலிருந்து பார்த்து எழுதியது இது. ஆசிரியர்களே, வகுப்பில் இதிலிருந்து ஒரு பக்கம் வாசித்துக் காட்டினால் பிள்ளைகள் வருடங்களை மறந்தாலும் மனிதர்களை மறக்க மாட்டார்கள்.

வீட்டுக்குள் வந்த கப்பல்

பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குப் போய் ஒரு சோதனை செய்யுங்கள். சமையலறையில் மிளகாய் இருக்கிறதா? தக்காளி? உருளைக்கிழங்கு? தோட்டத்தில் கொய்யா, பப்பாளி, முந்திரி? இவை எல்லாமே அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஐரோப்பியக் கப்பல்கள் வழியாக வந்தவை. மிளகு தேடிப் போன கொலம்பஸ் கண்டது மிளகாயை. அது இங்கே வந்ததும் 'மிளகு போல உறைக்கிற காய்' என்று நம்மவர்கள் பெயர் வைத்துவிட்டார்கள். ஐரோப்பியரைப் 'பறங்கியர்' என்றார்கள். பூசணிக்குப் பறங்கிக்காய் என்று பெயர் வந்தது அதனால்தான்.

சாவி, ஜன்னல், அலமாரி, பீப்பாய், பாதிரி, ஏலம்... எல்லாம் போர்ச்சுக்கீசியச் சொற்கள். நோட்டில் எழுதிக்கொண்டு வகுப்புக்குப் போங்கள். ஆனால், இந்தப் போட்டியில் கீழ்புத்துப்பட்டில் ஒரு பகுதிப் பிள்ளைகள் உங்களை எளிதாக ஜெயித்துவிடுவார்கள்.

இங்கே இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. இலங்கைப் போரில் வீடு வாசலை இழந்து, 1983-க்குப் பிறகு கடல் தாண்டித் தமிழ்நாட்டுக்கு வந்த குடும்பங்கள் வாழும் முகாம்களில் இதுவும் ஒன்று. ஈழத்துப் பாட்டிமார் ரொட்டியைப் 'பாண்' என்பார்கள். ஷூவைச் 'சப்பாத்து' என்பார்கள். துண்டு அவர்களுக்குத் 'துவாய்', சமையலறை 'குசினி'. நாலும் போர்ச்சுக்கீசியம்! 1619-ல் போர்ச்சுக்கீசியர்கள் யாழ்ப்பாண அரசைப் பிடித்து, கடைசி மன்னர் சங்கிலி குமாரனைக் கோவாவுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள். 1658-ல் டச்சுக்காரர்களிடம் தோற்று அவர்கள் வெளியேறினார்கள். சொற்கள் மட்டும் தங்கிவிட்டன. லிஸ்பனிலிருந்து பீரங்கிக் கப்பலில் யாழ்ப்பாணத்துக்கு வந்த 'பாண்', முந்நூற்றுச் சொச்சம் வருடம் கழித்து, உயிர் பிழைக்க வந்தவர்களின் படகில் இரண்டாம் முறை கடல் தாண்டிக் கீழ்புத்துப்பட்டுக்கு வந்திருக்கிறது. முகாமில் உங்கள் வகுப்புத் தோழர் யாராவது இருந்தால், அவர் பாட்டியிடம் இன்னும் என்னென்ன சொற்கள் இருக்கின்றன என்று கேட்டு வரச் சொல்லுங்கள்.